தர்சினியின் கையைப் பிடித்து நீ சொன்னது

மகனே,

தொலைபேசியில் உன்னை ஏச வெளிக்கிட்டால் ‘அம்மா, பிறஷரைக் கூட்டாதேங்கோ’ என்று ஒரு சொல்லில் என் வாயை அடைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவேன். ஒரு பிரதி நம் ஊர்ச் சனசமூக நிலையத்துப் பெடியன்களுக்கும் போகும். உனக்குப் பொன்னாடை போர்த்தியவர்கள் அவர்கள்தானே, அவர்களும் வாசிக்கட்டும். இதில் உனக்கு மட்டும் அடி விழவில்லை, பாதி எனக்கும் விழுகிறது. உன்ரை அப்பா பக்கத்தில் இருந்துகொண்டு ‘பிள்ளை போய் மூண்டு கிழமைதானே, அதுக்குள்ள ஏன் அவனைத் திட்டுறாய்’ என்கிறார். மூன்று கிழமைக்குள் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். வருகிற வியாழக்கிழமை காலை தர்சினி ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவளுடைய கைக்குச் சத்திரசிகிச்சை. அவள் போகமாட்டேன் என்று நிற்கிறாள். ஏன் போகமாட்டேன் என்கிறாள் தெரியுமா? நீ அவளுடைய கையைப் பிடித்து ஒரு சொல் சொல்லிவிட்டுப் பிளேன் ஏறியதால்.

தர்சினி யார் என்று உனக்கு நினைவு இருக்குமோ என்னவோ. அன்றைக்கு உன்னைச் சுற்றி நூறு பேர். நான் நினைவூட்டுகிறேன். இருபத்துமூன்று வயதுப் பிள்ளை. சுன்னாகத்தில் ஒரு தையற்கடையில் சட்டை வெட்டுகிறவள். நாலு மாதத்துக்கு முன்னர் ஸ்கூட்டியில் போகும்போது தகரம் ஏற்றிக்கொண்டு நின்ற லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பின்பக்கம் மோதினாள். தகரத்தின் விளிம்பு வலது கையை முழங்கைக்கு மேலே அரிந்துவிட்டது. தோல் பொருந்திவிட்டது, எலும்புக்கு ஒன்றும் இல்லை. நரம்பு மட்டும் அறுந்துபோனது. மணிக்கட்டு தொங்கிவிட்டது. கத்தரிக்கோலை எடுத்தால் விரல் விரியாது. அந்தக் கையைச் சால்வையால் மூடிக்கொண்டு பொன்னாடை விழாவுக்கு வந்திருந்தாள். நீ பேசி முடித்து, நாதஸ்வரக்காரர் எழும்பி, சனம் வடைக்கும் தேத்தண்ணிக்கும் போன நேரம், தாய் அவளைத் தள்ளிக்கொண்டு உன் முன்னால் வந்தாள். நீ அந்தச் சால்வையை மெல்ல விலக்கினாய். தொங்கிய கையை உன் இரண்டு கைக்குள்ளும் எடுத்தாய். பெடியன்கள் போனில் படம் எடுத்துக்கொண்டு நிற்க, நீ சிரித்துக்கொண்டு சொன்னாய்:

“பயப்பிடாதையும் தங்கச்சி. கொஞ்சம் பொறும். வெளிச்சம் காட்டினால் நரம்பு தானா வளர்ந்து வரும். நாங்கள் அதைத்தான் செய்யிறம்.”

நான் பக்கத்தில் நின்றேன். கேட்டேன். எனக்கு என்ன வந்தது தெரியுமா? புளுகம், பெருமை. என் பிள்ளை பேசுகிற அழகைப் பார் என்று கண் கலங்கி நின்றேன், விசரி.

போன சனிக்கிழமை சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்கிக்கொண்டு நின்றபோது தர்சினியின் தாய் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். முகமெல்லாம் பூரிப்பு. “மிஸ்ஸி, பிள்ளையின்ரை ஒப்பரேசனை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டம். காலில நரம்பு வெட்டி எடுத்துக் கையில தைக்கப் போயினமாம். ஏன் அந்தப் பிள்ளையைப் போட்டு வெட்டுவான்? தம்பியின்ரை லேசர் வரட்டும். அவர் சொன்ன நாளிலயிருந்து பிள்ளை சிரிக்கிறாள் மிஸ்ஸி.” சொல்லிவிட்டு ஒரு சீப்புக் கதலிப்பழத்தை என் பைக்குள் திணித்தாள். நன்றியாம். அந்தப் பழம் குசினியில் கறுத்துப்போய்க் கிடக்கிறது. அப்பா ஒன்று உரித்தார், நான் ஏசிய ஏச்சில் பாதியோடு வைத்துவிட்டார்.

அன்றைக்கே உனக்கு எடுத்தேன். நீ என்ன சொன்னாய்? நினைவு இருக்கிறதா, அல்லது அதையும் நான்தான் எழுத வேண்டுமா? “அம்மா, நான் ஒப்பரேசன் செய்ய வேண்டாம் எண்டு சொல்லேல்லை.” சரி, சொல்லவில்லை. “வெளிச்சம் காட்டினால் வளரும் எண்டது பிழையில்லை அம்மா. ஒருநாள் நடக்கும்.” ஒருநாள்! ஆய்வுகூடத்தில் உனக்கு ஒருநாள் என்றால் நீ கிழவனாகும் காலம். தொங்கிய கையோடு இருக்கிறவளுக்கு ஒருநாள் என்றால் வருகிற மாதம். அதற்குப் பிறகு சொன்னாய் பார், அதுதான் எனக்கு நெருப்பு வைத்தது: “இப்ப நான் அவளோடை கதைச்சால் அது மருத்துவ ஆலோசனை மாதிரிப் போயிடும். நான் டொக்டர் இல்லை. எனக்கு இஞ்சை சிக்கல் வரும்.” அட கோதாரி! படம் எடுக்கிறவனுக்கு முன்னால் அவளுடைய கையைப் பிடித்தபோது நீ டொக்டரா? அப்போது வராத சிக்கல் இப்போது எங்கிருந்து வந்தது? நல்ல சொல் சொல்லும்போது எல்லாரும் வைத்தியர்தான். கெட்ட சொல் சொல்ல வேண்டிய நேரத்தில்தான் சட்டம் ஞாபகத்துக்கு வருகிறது.

உன் வேலை எனக்கு விளங்காது என்று நினைக்காதே. வந்த இரண்டாம் நாள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து எனக்குக் காட்டினாய். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு நூல். அதன் நுனி விரிந்து குழந்தையின் கை மாதிரி விரல் விரலாக அசைந்துகொண்டிருந்தது. “இதுதான் அம்மா வளர்ற நரம்பின்ரை நுனி. தடவித் தடவி வழி பாக்குது” என்றாய். அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளியை வைத்தாய். லேசர் படுகிற இடமாம். நேரத்தை ஓடவிட்டாய். அந்த நுனி மெல்ல மெல்லத் திரும்பி அந்தப் புள்ளியின் பக்கம் சரிந்தது. பந்தலில் கயிறு கட்டிவிட்டால் பாகற்கொடி தேடிப் பிடிக்குமே, அது மாதிரி. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பது வருடம் குடும்பநல மருத்துவ மாதாக, ஊருக்கு ‘மிஸ்ஸி’யாக வேலை செய்தவள், எத்தனையோ பிள்ளை பிறந்ததைப் பார்த்தவள், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உன் வேலையைக் குறைவாக நினைத்து நான் இதை எழுதவில்லை.

ஆனால் நான் அப்போதே கேட்டேன். கேட்கத் தெரிந்த தொழில் என்னுடையது. “இது எவ்வளவு தூரம் போச்சு?” என்று கேட்டேன். “ஒரு தலைமயிரின்ரை தடிப்புக்கூட இல்லை” என்றாய். “ஆற்றை உடம்பில?” என்றேன். “உடம்பில இல்லை அம்மா. கண்ணாடித் தட்டில வளர்த்த ஒரு நரம்புக் கலம்.” “ஒண்டுதானோ?” “ஒண்டுதான்.” “ஒரு கையில எத்தினை இருக்கும்?” நீ சிரித்தாய். “ஆயிரக்கணக்கில.” சதைக்கு உள்ளே ஆழத்துக்கு அந்த வெளிச்சம் போகாது என்றும், ஏன் திரும்புகிறது என்பதையே நீங்கள் இன்னும் உங்களுக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் நீயே சொன்னாய். மீன்குழம்பை விரலால் வழித்துக்கொண்டு, ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாய். அம்மாவுக்குச் சொன்ன உண்மையை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல உன்னை எது தடுத்தது? பொன்னாடையா?

சரி. இப்போது என் பாதி.

சந்தியில் உன் படத்தோடு ஒரு பதாகை கட்டியிருந்தார்களே, கோட்டுப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம். அதன் கீழே இருந்த வசனம் நிலையத்துப் பெடியன்கள் எழுதியது என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. நான் எழுதினேன். ‘செயலிழந்த கைகளை ஒளியால் எழுப்பும் எம் மண்ணின் மைந்தனே, வருக!’ அவர்கள் ‘நரம்பு ஆய்வாளர்’ என்று மட்டும் போட்டுக்கொண்டு வந்து காட்டினார்கள். எனக்கு அது போதவில்லை. பக்கத்து ஒழுங்கையில் எலும்பு வைத்தியர் ஆன பிள்ளைக்கு என்னென்ன எழுதினார்கள், என் பிள்ளைக்கு வெறும் ஆய்வாளரா என்று எனக்குள் ஒரு எடுப்பு. பேனையை வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன். மூன்று நாள் முன்னர்தான் ‘கண்ணாடித் தட்டில் ஒரே ஒரு கலம்’ என்று உன் வாயால் கேட்டவள் நான். தெரிந்துகொண்டே எழுதினேன். இந்த ஊரில் ஒரு பிள்ளை படித்துவிட்டால் நாங்கள் எல்லாருமே இப்படித்தான், உள்ளதைச் சொன்னால் நாக்குக் கூசும். நீயும் உன் படத்துக்குக் கீழே அதை வாசித்தாய். ‘என்னம்மா இது, பிழையெல்லோ’ என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படம் எடுத்து உன் நண்பர்களுக்கு அனுப்பினாய்.

அந்தப் பதாகையைக் கட்டியது யார் தெரியுமா? சுதன். உன்னோடு ஐந்தாம் வகுப்புவரை படித்த சுதன். இப்போது விழா வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறான். ஏணியில் ஏறி, சூம்பிய இடது கையை வயிற்றோடு ஒடுக்கிக்கொண்டு, வலது கையாலும் பல்லாலும் கயிற்றை முடிச்சுப் போட்டான். இறங்கி வந்து வசனத்தை அண்ணாந்து வாசித்தான். பிறகு என்னைப் பார்த்து, பகிடி மாதிரித்தான், ஆனால் பகிடி இல்லை, கேட்டான்: “மிஸ்ஸி, உது என்ரை கைக்கும் சரிவருமோ?”

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அவனுடைய கை ஏன் அப்படி என்று அப்போது இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். உன்ரை அப்பாவுக்கும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன், வாசி.

நீ பிறந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஊரடங்கு. சுதனின் தாய்க்கு வீட்டிலேயே பிரசவ நோ தொடங்கிவிட்டது. உன்னை அப்பம்மாவின் மடியில் போட்டுவிட்டு நான் போனேன். பெரிய பிள்ளை. தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. இழுத்துத்தான் எடுத்தேன். இழுத்ததற்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை, இழுக்காவிட்டால் பிள்ளை செத்திருக்கும். ஆனால் இழுத்த இழுவையில் கழுத்துப் பக்கத்து நரம்பு அடிபட்டுவிட்டது. இடது கை துணி மாதிரிக் கிடந்தது. தாய் பதறினாள். நான் என்ன சொன்னேன்? “உது போகப் போகச் சரியாயிடும். எண்ணெய் பூசி மெல்லமா உருவிவிடும்.” அது முழுப் பொய் இல்லை. அப்படிப் பிறக்கிற பிள்ளைகளில் கனபேருக்குத் தானாகவே சரியாகும். மூன்று மாதம் கழித்து நிறை பார்க்கப் போனேன். கை அசையவில்லை. அப்போது நான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். புத்தகத்தில் படித்தது எனக்குத் தெரியும். தாய் கேட்டாள், “மிஸ்ஸி, டொக்டரிட்டைக் காட்டுவமோ?” நான் சொன்னேன், “கொஞ்சம் பொறும்.”

உன் வாயில் வந்த அதே சொல். யாரிடம் படித்தாய் என்று நான் கேட்கத் தேவையில்லை.

பாதை பூட்டு, ஷெல்லடி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு இருந்தேன். பொய். அந்த மாதம் பாதை திறந்திருந்தது. காட்டினால் எப்படிப் பிறந்தது, யார் எடுத்தது என்று கேட்பார்கள், என் பெயருக்குக் கறை வரும் என்று பயம். அவ்வளவுதான். ஒவ்வொரு முறை நிறை பார்க்கும்போதும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தாய் என்னைக் கும்பிட்டாள். அவனுக்கு நாலு வயதில் வேறு யாரோ சொல்லி டொக்டரிடம் கொண்டுபோனபோது, ‘ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள்’ என்று டொக்டர் தாயைத்தான் ஏசினாராம். அவள் அதை என்னிடமே வந்து சொல்லி அழுதாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவள் செத்து ஆறு வருடமாகிறது.

தர்சினிக்கு ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னது என்ன என்று அவளுடைய தாயிடம் துண்டுச்சீட்டை வாங்கி வாசித்தேன். நரம்பு அறுந்து கனநாள் போனால் தசை சூம்பிவிடும். பிறகு எந்த நரம்பை எங்கிருந்து கொண்டுவந்து ஒட்டினாலும் அது போய்ச் சேர அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. உன் லேசரும் அப்படித்தான், நாளைக்கே தயாராகி வந்தாலும் சூம்பின தசைக்கு அதனால் உயிர் கொடுக்க முடியாது. இது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வார்ட்டில் இருக்கிற என் பழைய கூட்டாளி ஒருத்தியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பட்டியலில் அவளுடைய பெயரை வெட்டாமல் வைத்திருக்கிறேன். வியாழன் வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த திகதி மாரி கழிந்துதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் தர்சினி வீட்டுக்குப் போனேன். போய், ‘தம்பி சொன்னது கண்ணாடித் தட்டில் நடக்கிற வேலை, நீர் போய் ஒப்பரேசனுக்குப் படும்’ என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை! “மிஸ்ஸி, நீங்கள்தானே போர்ட்டில எழுதினனீங்கள்?” என்றாள். ஊரில் ஒன்றும் மறையாது. எழும்பி வந்துவிட்டேன்.

வருகிற வழியில் சுதனின் வீட்டு வாசலில் நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்காதே, கால் நின்றது. அவன் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். இழுத்தது, மூன்றாம் மாதம், ‘கொஞ்சம் பொறும்’, என் பயம், எல்லாம். அவன் வயரைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. கடைசியில் கேட்டான்:

“அண்டைக்குக் காட்டியிருந்தா கை வந்திருக்குமோ?”

“வந்திருக்கலாம். நிச்சயமாத் தெரியாது.”

“அம்மா தன்ரை பிழை எண்டு நினைச்சுக்கொண்டு செத்தவ, மிஸ்ஸி.”

“ஓம்.”

“இப்ப ஏன் வந்து சொல்லுறியள்?”

“அந்தப் பிள்ளைக்கு இன்னும் நேரம் இருக்கு, சுதன்.”

அவன் என்னை மன்னிக்கவில்லை. மன்னித்தான் என்று எழுதி உன்னை ஆறுதல்படுத்த மாட்டேன். முகத்தைக் கழுவிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தர்சினி வீட்டுக்குப் போனான். நான் பின்னால் நடந்து போய்ச் சேர்ந்தபோது சேர்ட்டைக் கழற்றிவிட்டு அவளுக்கு முன்னால் இருந்தான். தோளில் இருந்து முழங்கைவரை எலும்பும் தோலும். இந்த வயதுவரை ஒருவருக்கும் காட்டாத கை. “தொட்டுப் பாரும்” என்றான். “பொறுத்துப் பொறுத்து இருந்தா இப்பிடித்தான் ஆகும்.” அவள் தொட்டாள். தாய் வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் அப்போது நினைத்தேன், சரி, போய்விடுவாள் என்று.

தர்சினி கையை எடுத்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? “உங்களுக்கு அப்ப லேசர் இல்லைத்தானே அண்ணை. எனக்குக் கையைப் பிடிச்சுச் சொன்னவர் அந்த அண்ணை. அவர் சரிவராது எண்டு சொல்லட்டும். நான் போறன்.”

பார்த்தாயா? சூம்பிய கையைத் தொட்டுப் பார்த்த பிறகும் உன் சொல்தான் அவளுக்குப் பெரிது. அவ்வளவு நம்பிக்கையை அவள் உன்னிடம் தந்திருக்கிறாள், நீ அதை வாங்கி வைத்துக்கொண்டு சிக்கல் வரும் என்கிறாய். உன்னைப் பெற்ற வயிறு எரிகிறது. பிழை செய்தாய் என்பதற்காக இல்லை, பிழையை யார் செய்யவில்லை, நான் உன்னைவிடப் பெரிதாகச் செய்தவள். செய்ததை அழிக்க ஒரு போன் எடுத்தால் போதும் என்று இருக்கும்போது எடுக்காமல் இருக்கிறாயே, அதற்கு. பதாகையை நேற்று நான் ஆள் விட்டு இறக்கிவிட்டேன். என் பங்கு வேலை அது. மிச்சம் உன்னுடையது, அதை உனக்காக நான் செய்ய முடியாது. முயன்று பார்த்துவிட்டேன்.

புதன்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு நான் தர்சினி வீட்டில் இருப்பேன். உனக்கு அப்போது விடியற்காலை. எழும்பு. வீடியோவில் எடு, அவள் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். என்னோடு கதைக்காதே, அவளோடு கதை. உன் படிப்பை விளங்கப்படுத்த வெளிக்கிடாதே. ‘எதிர்காலத்தில்’ என்ற சொல்லை வாயில் எடுக்காதே. எடுத்தால் அவள் அதைத்தான் பிடித்துக்கொள்வாள். “தங்கச்சி, அண்டைக்கு நான் சொன்னது பிழை. என்ரை லேசர் உம்மடை கைக்குச் சரிவராது. நாளைக்குப் போய்ப் படும்.” இவ்வளவும் போதும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றினால் அதையும் கேள், ஆனால் இதைச் சொன்ன பிறகு கேள்.

அவள் அழுவாள். பயந்து ஆறுதல் சொல்லிவிடாதே. ‘ஓம் அண்ணை, போறன்’ என்று அவள் வாயால் வரும்வரை போனை வைக்காதே. வைத்தாயோ, வியாழக்கிழமை அந்தக் கட்டிலில் வேறொருத்தர் படுத்திருப்பார். இந்தப் பிள்ளை இடது கையால் கத்தரிக்கோல் பிடிக்கப் பழகிக்கொண்டு, நீ வருவாய் என்று காத்திருப்பாள்.

அம்மா